ஐந்து மணிப் பிரார்த்தனை

சென்ற ஆண்டு எல்லயில் நடந்த ஒற்றுமை விழா ஒன்றுக்காக ஸூரதுல் பாத்திஹாவை மூன்று வாரம் ஓதிப் பழகினேன். ஏழு ஆயத்துகள். தஜ்வீத் முறைப்படி நிறுத்தி நிதானமாக ஓதினாலும் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. சிறு பிள்ளையிலிருந்து ஓதிவரும் ஸூராதான். ஆனாலும் மேடை ஏறினால் நா உலர்ந்துவிடும் என்ற பயத்தில் தினமும் உம்மம்மாவின் முன்னால் உட்கார்ந்து ஓதிக் காட்டினேன்.

விழா ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கியது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. பிக்கு ஒருவர் பிரித் ஓதினார். அடுத்து தேவாரம் பாடவேண்டிய தோட்டப் பாடசாலை மாணவி எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கிறிஸ்தவ கீதம் பாட வந்த ஒரு சிறுவன். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் எங்களிடம் வந்து, நேரம் போதாததால் மற்ற மத அனுஷ்டானங்களை விட்டுவிடுவதாக மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மூவரும் வந்த வழியே போய் உட்கார்ந்தோம். அதன் பிறகு நடந்த பேச்சுகள் இரண்டரை மணி நேரம் நீண்டன. எல்லோரும் பேசியது தேசிய ஒற்றுமையைப் பற்றித்தான். விழா முடிந்து இறங்கி வந்த அந்தப் பிக்கு, ஏன் பிள்ளைகள் நீங்கள் ஓதவில்லை என்று எங்களிடம் வந்து கேட்டார். நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு வாப்பா எனக்குச் சொன்ன ஆறுதல் வேறு விதமானது. இறைவனின் வேதத்தை விளக்கேற்றலுக்கும் வரவேற்புரைக்கும் இடையில் ஒரு நிகழ்ச்சியாக வைப்பதே சரியில்லை என்பது அவர் கருத்து. ஓதாமல் வந்ததற்காக நான் கவலைப்படத் தேவையில்லை என்றார். என்னால் அதை ஏற்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. பொது வாழ்வில் பிரார்த்தனைக்கு இடம் உண்டா? அது மனிதரைச் சேர்க்குமா, பிரிக்குமா? எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் கேட்டபோது அவர் பதில் எதுவும் தரவில்லை. காந்தியடிகளின் கடைசி இரண்டு ஆண்டுகளைப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். படித்தேன். கடைசி இரண்டு ஆண்டுகள் விளங்க முதல் எழுபத்தாறு ஆண்டுகளையும் படிக்கவேண்டி வந்தது.

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869 ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். தாயார் புத்லிபாய் பிரணாமி என்ற வழியைச் சேர்ந்தவர். இந்து நூல்களையும் இஸ்லாமிய போதனையையும் ஒருங்கே மதித்த ஒரு பிரிவு அது. தந்தையிடம் முஸ்லிம் நண்பர்களும் பார்ஸி நண்பர்களும் வந்து தத்தம் மார்க்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். நோயுற்ற தந்தைக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த சிறுவன் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். இருட்டுக்கும் பேய்க்கும் பயந்த அந்தச் சிறுவனுக்கு ராம நாமத்தைச் சொல்லிக்கொடுத்தவள் ரம்பா என்ற வேலைக்காரி. பயந்தாங்கொள்ளிப் பிள்ளைக்கு ஒரு பணிப்பெண் கொடுத்த மருந்து அது என்று நினைக்கையில் எனக்கு உம்மம்மா படுக்கும்போது ஓதச் சொல்லித் தந்த ஆயத்துல் குர்ஸி நினைவுக்கு வருகிறது.

இங்கிலாந்தில் சட்டம் படித்துத் திரும்பியவருக்கு ஊரில் தொழில் சரியாக அமையவில்லை. 1893இல் அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அழைத்தது டேர்பனில் வியாபாரம் செய்த தாதா அப்துல்லா கம்பனி என்ற முஸ்லிம் வணிக நிறுவனம். அங்கே 1906 செப்டெம்பர் 11ஆம் திகதி நடந்த ஒரு சம்பவத்தை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். டிரான்ஸ்வால் அரசு ஆசியர் ஒவ்வொருவரும் கைவிரல் அடையாளம் கொடுத்துப் பதிவு செய்யவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவர முனைந்தது. ஜொஹன்னஸ்பேர்க்கில் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடினார்கள். ஒரு தீர்மானம் நிறைவேற்றிக் கலைவதுதான் ஏற்பாடு. ஆனால் சேட் ஹாஜி ஹபீப் என்ற முதிய வணிகர் எழுந்து, இறைவனைச் சாட்சியாக வைத்து இந்தத் தீர்மானத்தை ஏற்கவேண்டும் என்றார். காந்தியடிகளே திடுக்கிட்டுப் போனார். கைதூக்கி வாக்களிப்பது வேறு, இறைவன் பெயரால் சத்தியம் செய்வது வேறு. சத்தியம் செய்தால் மற்றவர் எல்லாம் விலகிப்போனாலும் தனியாக நிற்கவேண்டும். அதை ஒவ்வொருவரும் தமக்குள் எண்ணிப் பார்க்கும்படி விளக்கிச் சொன்ன பிறகே, மண்டபம் முழுவதும் எழுந்து கையுயர்த்தி உறுதி எடுத்தது. பின்னால் சத்தியாக்கிரகம் என்று உலகம் அறிந்த போராட்டம் இப்படி ஒரு முஸ்லிம் வணிகரின் வாயிலிருந்து வந்த இறைசாட்சியில் தொடங்கியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி, இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைக் கொளுத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பெரிய இரும்புக் கொப்பரை ஒன்றில் எரிந்தன. அந்தக் கொப்பரை வைக்கப்பட்ட இடம் ஹமீதியா பள்ளிவாசலின் முற்றம். அந்தப் பள்ளிவாசலோடு தொடர்புடைய இமாம் அப்துல் காதிர் பாவாஸீர் பின்னர் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்து, காந்தியடிகளின் சபர்மதி ஆச்சிரமத்திலேயே வாழ்ந்தார். 1930 உப்புப் போராட்டத்தில் தராசணை உப்பளத்தை நோக்கிச் சென்ற தொண்டர்களுக்குச் சரோஜினி நாயுடுவோடு தலைமை தாங்கியவர்களில் அந்த முதியவரும் ஒருவர்.

1910இல் ஜொஹன்னஸ்பேர்க்குக்கு அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே இருந்த குடும்பங்களில் தமிழர்களும் நிறைய. ரமழான் வந்தபோது முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு பிடிக்க வசதி செய்தார் காந்தியடிகள். அவர்கள் தனித்துப் போகாதிருக்க இந்துப் பிள்ளைகளும் சிலர் பகலில் உண்ணாமல் இருந்தார்கள். முஸ்லிம் பிள்ளைகள் தங்கள் பங்குக்குப் பண்ணையின் மரக்கறிச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டார்கள். எவரும் எவருடைய மார்க்கத்துக்கும் மாறவில்லை. பிரார்த்தனையைப் பற்றி அவர் பிற்காலத்தில் செய்தவற்றுக்கெல்லாம் இந்தப் பண்ணையில் விதை இருக்கிறது.

இந்தியா திரும்பிய பின் 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்க்க வழி தேடினார். சென்னையில் ராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, விடியற்காலைத் தூக்கமும் விழிப்பும் கலந்த வேளையில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாடு முழுவதும் ஒருநாள் வேலையை நிறுத்தி உண்ணாமல் இருந்து பிரார்த்திக்கவேண்டும். முஸ்லிம்கள் ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து நோன்பிருக்க மாட்டார்கள் என்பதால் இருபத்து நான்கு மணி நேரம் என்று அளவு வைத்தார். இந்தச் சின்னக் கவனத்தை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். பெரும்பான்மையின் வழக்கத்தை முதலில் எழுதிவிட்டு மற்றவர்களுக்கு விதிவிலக்குத் தரவில்லை. சிறுபான்மையால் எது முடியும் என்று பார்த்து எல்லோருக்கும் அதையே அளவாக்கினார். ஏப்ரல் 6ஆம் திகதி பம்பாயில் கடலில் நீராடிய கூட்டம் பின்னர் முஸ்லிம்களின் அழைப்பில் ஒரு பள்ளிவாசலுக்குப் போயிற்று. அங்கே சரோஜினி நாயுடுவும் அவரும் பேசினார்கள். அதற்கு இரண்டு நாள் முன்னர் டில்லி ஜும்ஆ பள்ளிவாசலில் சுவாமி சிரத்தானந்தர் என்ற இந்துத் துறவி மக்களிடம் பேசியிருந்தார். ஒரு வாரத்தில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது.

அந்த ஒற்றுமை நீடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிலாபத் இயக்கம் ஓய்ந்தபின் ஊருக்கு ஊர் கலவரம். 1924 செப்டெம்பரில் கோஹாட் கலவரத்துக்குப் பிறகு காந்தியடிகள் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதைத் தொடங்க அவர் தேர்ந்த இடம் டில்லியில் மௌலானா முஹம்மது அலியின் வீடு. முடிவு நாளில் இமாம் பாவாஸீர் ஸூரதுல் பாத்திஹாவை ஓதினார். ஆண்ட்ரூஸ் பாதிரியார் கிறிஸ்தவ கீதம் பாடினார். வினோபா உபநிடதம் சொன்னார். டொக்டர் அன்ஸாரி கொடுத்த தோடம்பழச் சாற்றைக் குடித்து உண்ணாவிரதத்தை முடித்தார்.

இந்த இடத்தில் நம் மண்ணுக்கு வரவேண்டும். 1927 நவம்பரில் கதர் நிதிக்காக அவர் இலங்கை வந்தார். கஸ்தூரிபாயும் ராஜாஜியும் உடன் வந்தார்கள். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் என்று போன அந்தப் பயணத்தில் நமது பதுளையும் ஓர் ஊர். பதுளைக்கு ரயில் வந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம். மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்களிடம் அவர் குடியை விடும்படி கேட்டார். அன்று தேவாரம் பாட வந்து பாடாமல் போன அந்த மாணவி இப்போது எனக்குத் தோழி. அவளுடைய லயத்து அறையில், முருகன் படத்துக்கும் இறந்துபோன தாத்தாவின் படத்துக்கும் நடுவில் பழைய காந்தி படம் ஒன்று தொங்குகிறது. அவளுடைய பாட்டி வெள்ளிக்கிழமைகளில் மூன்று படங்களுக்கும் சேர்த்தே சாம்பிராணி காட்டுவார். அவர் இறந்த அதே 1948இல்தான் இங்கே குடியுரிமைச் சட்டம் வந்து அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது.

அவர் இங்கே வந்தபோது 1915 கலவரம் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள்தான் கடந்திருந்தன. வாப்பாவின் பக்கத்து நியாயத்தை அந்தக் கலவரத்திலிருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன். கம்பளையில் தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடக்கும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்பதில் தொடங்கிய வழக்கு அது. ஒரு நீதிமன்றம் ஒரு விதமாகவும் மேல் நீதிமன்றம் வேறு விதமாகவும் தீர்ப்புச் சொன்னது. 1915இல் வெசாக் இரவில் கண்டியில் ஒரு பள்ளிவாசலருகே கைகலப்பு மூண்டு, தீவின் பல மாகாணங்களுக்குப் பரவியது. கடைகள் எரிந்தன, உயிர்கள் போயின. இரண்டு பக்கத்திலும் இருந்தது வழிபாடுதான். தெருவுக்கு வந்த வழிபாடு தன் உரிமையை மட்டும் அளக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டில் உதாரணம் தேடவேண்டியதில்லை.

காந்தியடிகளின் பிரார்த்தனையோ நான்கு சுவருக்குள் நடந்ததில்லை. சபர்மதியில் ஆற்றங்கரை மணல்தான் இடம். சிலை கிடையாது, கூரை கிடையாது. அதிகாலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதில் ஓதப்பட்டவை ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பட்டியலாகச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு மனிதரோடு வந்து சேர்ந்தது. குர்ஆன் வசனங்களை உச்சரிப்புப் பிசகாமல் ஓதக் கற்றுக்கொடுத்தவர் அப்பாஸ் தையப்ஜியின் மகள் ரைஹானா. சேவாகிராமத்தில் தங்கியிருந்த ஜப்பானியப் பிக்கு ஒருவர் தினமும் பௌத்த மந்திரம் ஒன்றை ஓதிவந்தார். யுத்தத்தில் ஜப்பான் இறங்கியதும் ஆங்கிலேயர் அவரைக் கைதுசெய்து கொண்டுபோனார்கள். அன்றுமுதல் அவருடைய மந்திரத்தை ஆச்சிரமத்தார் பிரார்த்தனையின் தொடக்கத்தில் தாங்களே ஓதினார்கள். பார்ஸிகளின் வேத வரிகள் ஆகாகான் மாளிகைச் சிறையில் உடனிருந்த டொக்டர் கில்டரிடமிருந்து வந்தவை. அந்தச் சிறையில்தான் 1944 பெப்ரவரி 22ஆம் திகதி கஸ்தூரிபாய் இறந்தார்.

ஓதல்கள் முடிந்தபின் அவர் பேசுவார். அரிசிப் பங்கீடு, துணித் தட்டுப்பாடு, நேற்று எந்தத் தெருவில் யார் யாரைக் குத்தினார்கள், இன்று வந்த கடிதத்தில் என்ன திட்டியிருந்தார்கள் எல்லாம் அங்கே வரும். துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுப்பவர்களுக்கும் பதில் சொல்வார். திங்கட்கிழமை மௌன விரதம் என்பதால் எழுதிய உரையை வேறொருவர் வாசிப்பார். தேர்தலில் நிற்காத, பதவி எதுவும் வகிக்காத ஒருவர் நாள்தோறும் மக்கள் முன்னால் கணக்கு ஒப்புவித்த இடம் அது.

1946 ஒக்டோபரில் கிழக்கு வங்காளத்து நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டார்கள். வீடுகள் எரிந்தன, பலர் கொல்லப்பட்டார்கள், கட்டாய மதமாற்றமும் நடந்தது. செய்தவர்கள் முஸ்லிம்கள். நம்மவர்கள் என்பதால் இதை மெதுவாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று கற்பிக்கும் வேதத்தை ஓதுபவர்கள் செய்த காரியம் அது. எழுபத்தேழு வயதில் அங்கே போன காந்தியடிகள் 1947 ஜனவரியிலிருந்து வெறுங்காலோடு கிராமம் கிராமமாக நடந்தார். அவர் போகும் ஒற்றையடிப் பாதையில் அசுத்தத்தைக் கொட்டி வைத்தவர்கள் இருந்தார்கள். மாலைப் பிரார்த்தனைக்கு வந்துவிட்டு ராம நாமம் தொடங்கியதும் எழுந்துபோன முஸ்லிம்களும் இருந்தார்கள். முஸ்லிமல்லாத ஒருவரின் கூட்டத்தில் குர்ஆன் ஓதப்படுவதை ஆட்சேபித்தவர்களும் உண்டு. அவர்களுடைய மனத்தடையை நான் இலேசாக எண்ணவில்லை. காந்தியடிகள் நல்லாட்சியை ராம ராஜ்யம் என்று சொல்லிவந்தது பல முஸ்லிம்களைத் தள்ளி நிற்க வைத்தது என்பதும் உண்மை. அவர் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த விளக்கம் சொல் சென்ற இடமெல்லாம் கூடவே செல்லவில்லை.

நவகாளியில் நம் மாணவிகள் அறியவேண்டிய பெண் ஒருத்தி இருந்தார். பீபி அம்துஸ் ஸலாம். பட்டியாலாவின் முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்து ஆச்சிரமத்துக்கு வந்தவர். ஐவேளைத் தொழுகையையும் நோன்பையும் விடாதவர். சிரண்டி என்ற கிராமத்தில் இந்துக்களிடமிருந்து பறிக்கப்பட்ட வழிபாட்டு வாளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுத் தன் சொந்த மார்க்கத்தவர் முன்னால் உண்ணாவிரதம் தொடங்கினார். இருபத்தைந்து நாள் ஆயிற்று. உடல் நைந்துபோனது. கடைசியில் காந்தியடிகள் அங்கே வந்தார். இனி இந்துக்களின் வழிபாட்டுக்குத் தீங்கு வராது என்று கிராமத்து முஸ்லிம்கள் எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே அவர் சாறு அருந்தினார். இன்னொருவர் பிரார்த்திக்கும் உரிமைக்காக ஒரு முஸ்லிம் பெண் பட்டினி கிடந்திருக்கிறார். இதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாப்பா மறுமொழி எதுவும் சொல்லாமல் அந்தப் பக்கத்தை வாங்கி மறுபடி தானே படித்தார்.

பிறகு பிஹார். அங்கே கொல்லப்பட்டவர்கள் முஸ்லிம்கள். அங்கிருந்து டில்லி. ஏப்ரல் தொடக்கத்தில் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில், வால்மீகி கோவிலை ஒட்டிய திடலில் மாலைப் பிரார்த்தனை நடந்தது. குர்ஆன் வசனம் தொடங்கியதும் ஒரு இளைஞன் எழுந்து, இது இந்துக் கோவில், இங்கே அதை ஓத விடமாட்டோம் என்று தடுத்தான். கூட்டத்தில் மிகப் பெரும்பான்மையோர் பிரார்த்தனை நடக்கவேண்டும் என்றே விரும்பினார்கள். அவனைப் பிடித்து வெளியே தள்ளவும் முனைந்தார்கள். காந்தியடிகள் அதைத் தடுத்தார். ஒருவரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பிரார்த்திக்க அவருக்கு மனமில்லை.

சுலபமான வழி ஒன்று இருந்தது. குர்ஆன் பகுதியை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டு மற்றதை நடத்தியிருக்கலாம். நேரம் போதாது என்று எங்களிடம் சொன்னவர் செய்தது அதைத்தான். காந்தியடிகள் அதைச் செய்யவில்லை. ஒன்றை ஓத முடியாவிட்டால் எதையும் ஓதுவதில்லை என்று முழுப் பிரார்த்தனையையும் நிறுத்திவிட்டு எழுந்து போனார். இப்படி மூன்று மாலைகள். தன் சொந்தக் கீதை சுலோகமும் தன் சொந்த ராம பஜனையும் இல்லாமல் மூன்று மாலைகள். நான்காம் மாலை ஆட்சேபம் எழவில்லை. முழுதும் ஓதப்பட்டது.

இந்தப் பகுதியை நான் பலமுறை படித்தேன். எங்கள் விழாவில் எனக்கு வலித்தது எது என்று அப்போதுதான் பிடிபட்டது. ஓத முடியாமல் போனதை நான் பொறுத்துக்கொள்வேன். ஒருவருடையது முழுதாக நடந்து, மூவருடையது சேர்த்து மற்றவை என்ற ஒரு சொல்லுக்குள் போனதுதான் வலித்தது.

நாடு பிரிந்தது. பிரார்த்தனைகள் பிரிவினையைத் தடுக்கவில்லை. 1947 ஓகஸ்ட் 15ஆம் திகதியை அவர் கல்கத்தாவின் பெலியகட்டாவில், ஹைதரி மன்ஸில் என்ற ஒரு முஸ்லிமின் பாழடைந்த வீட்டில், உண்ணாமலும் நூல் நூற்றும் பிரார்த்தித்தும் கழித்தார். கூட இருந்தவர் ஓராண்டுக்கு முன் நடந்த கல்கத்தாப் படுகொலைக்காக இந்துக்கள் குற்றஞ்சாட்டிய ஸுஹ்ரவர்தி. மூன்றாம் நாள் பெருநாள். அன்று மாலைப் பிரார்த்தனை முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் மைதானத்தில் நடந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து அமர்ந்திருந்த அந்தத் திடலில் அவர் பெருநாள் வாழ்த்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் மறுபடி கலவரம். செப்டெம்பர் 1ஆம் திகதி உண்ணாவிரதம் தொடங்கினார். நான்காம் திகதி நகரம் அடங்கியது.

டில்லியில் அப்போது முஸ்லிம்கள் புராண கிலாவிலும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்திலும் அகதிகளாகக் கிடந்தார்கள். பஞ்சாபிலிருந்து வீடிழந்து, பிள்ளைகளை இழந்து வந்த இந்துக்களும் சீக்கியர்களும் பள்ளிவாசல்களிலும் குடியேறியிருந்தார்கள். பிர்லா மாளிகைப் புல்வெளியில் மாலை ஐந்து மணிக்குக் குர்ஆன் ஓதப்படும்போது எழுந்து கத்தியவர்கள் பெரும்பாலும் இப்படி எல்லாம் இழந்தவர்கள். அவர்களுடைய துயரத்தை அவர் பொய்யென்று சொல்லவில்லை. ஆட்சேபிப்பவர் அமைதியாக அமர்ந்திருக்கச் சம்மதித்தால், அவர்மேல் கோபம் கொள்ளாமலிருக்க மற்றவர்களும் சம்மதித்தால் பிரார்த்தனை நடக்கும். இல்லாவிட்டால் நடக்காது.

1948 ஜனவரி 13ஆம் திகதி கடைசி உண்ணாவிரதம். அவர் கேட்டவற்றில் முக்கியமானவை மூன்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கியின் தர்காவில் வழக்கமான உரூஸ் தடையின்றி நடக்கவேண்டும். பிடித்துவைத்த பள்ளிவாசல்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். டில்லித் தெருக்களில் முஸ்லிம்கள் பயமின்றி நடமாடவேண்டும். 18ஆம் திகதி எல்லாச் சமூகத் தலைவர்களும் கையெழுத்திட்டு வந்தார்கள். பௌத்த, இஸ்லாமிய, பார்ஸி வேத வரிகள் ஓதப்பட்டபின் மௌலானா ஆஸாத் சாறு கொடுத்தார். 20ஆம் திகதி பிரார்த்தனைத் திடலின் சுவரருகே குண்டு வெடித்தது. அவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. குண்டு வைத்த இளைஞனை வெறுக்கவேண்டாம் என்று மறுநாள் கேட்டுக்கொண்டார். 27ஆம் திகதி உரூஸ் நடந்தது. அவரும் மெஹ்ரௌலிக்குப் போயிருந்தார்.

30ஆம் திகதி வெள்ளிக்கிழமை. வல்லபாய் படேலுடன் பேசிக்கொண்டிருந்ததில் ஐந்து மணி கடந்துவிட்டது. பிரார்த்தனைக்குப் பிந்துவது அவருக்குப் பிடிக்காத காரியம். மனு, ஆபா என்ற இரு பெண்களின் தோளில் கைவைத்துப் புல்வெளியில் விரைந்து நடந்தார். ஐந்து மணி பதினேழு நிமிடம். கும்பிட்டபடி குறுக்கே வந்தவன் மூன்று முறை சுட்டான். அன்றைய பிரார்த்தனை தொடங்கவே இல்லை.

இந்த ஆண்டும் அதே விழாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் மத அனுஷ்டானங்களுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்ற மாதம் தோழியும் நானும் அவளுடைய லயத்து வாசலில் உட்கார்ந்து ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான்கையும் முழுதாக நடத்த நேரம் இல்லையென்றால், ஒன்றையும் நடத்தாமல் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும்படி கேட்டிருக்கிறோம். அந்த மௌனத்தில் அவரவர் தம் இறைவனை அழைத்துக்கொள்ளலாம். பெற்றோர் கையொப்பம் தேவைப்பட்டது. அவளுடைய பாட்டி பெயர் எழுதத் தெரியாததால் கைநாட்டு வைத்தார். வாப்பா கடிதத்தை இரண்டு முறை வாசித்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திக் கையொப்பமிட்டார். அதே பிக்குவிடமும் காட்டினோம். அவர் கடைசியில் தம் பெயரைச் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார்.

பதில் இன்னும் வரவில்லை. நான் பாத்திஹாவை மறுபடி ஓதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.